முத்திரை ஒட்டாத கடிதம்

கனடாவில் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத முத்திரை தேவையில்லை. உறையின் மேல் அவருடைய பெயரையும் 'ஹவுஸ் ஒஃப் கொமன்ஸ், ஒட்டாவா' என்ற முகவரியையும் எழுதிச் சிவப்புத் தபால் பெட்டிக்குள் போட்டால் போய்ச் சேர்ந்துவிடும். அவர் எழுதும் பதிலுக்கும் முத்திரை இல்லை. தபால் கூட்டுத்தாபனச் சட்டத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. ஊரிலுள்ள தொகுதி அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் காசு. எழுதுகிறவர் அந்தத் தொகுதி வாக்காளரா, குடியுரிமை எடுத்தவரா, நேற்றுத்தான் வந்திறங்கியவரா என்று தபால் பெட்டி கேட்பதில்லை.

தூதரகத்துக் காகிதம் வேறு ரகம். தூதரகத்திலிருந்து தலைநகரத்துக்குப் போகும் தந்திக்கு இலக்கம் உண்டு. இரகசியத்தின் தரம் தலைப்பிலேயே குறிக்கப்பட்டிருக்கும். யார் யார் வாசிக்கலாம் என்ற பட்டியலும் கூடவே போகும். இன்னொரு நாட்டின் அமைச்சுக்குத் தூதரகம் கொடுக்கும் குறிப்பிலோ 'நான்' என்று ஒரு ஆளே கிடையாது. தூதரகம் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு தொடங்கும். தன் உயர்ந்த மதிப்பை மீண்டும் உறுதிசெய்து முடியும். நடுவில், உங்கள் அதிகாரி இன்ன திகதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று இருக்கலாம். அப்போதும் தொடக்கமும் முடிவும் மாறாது. கையெழுத்துக்குப் பதில் சுருக்கொப்பம். முத்திரை ஒட்டாத உறைக்குள் இருப்பதோ முழுக்க முழுக்க 'நான்'. என்ர அம்மா, என்ர மகன், என்ர கேஸ் நம்பர்.

தூதரகத்துக் காகிதத்தில் பழகி, பிறகு முத்திரை ஒட்டாத கடிதங்களின் நடுவே போய் உட்கார்ந்தவர்கள் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு கண். வாழ்க்கையின் முதற்பாதி முழுவதும் ஓர் அரசின் குரலில் எழுதியவர், ஒரு கிழவியின் ஓய்வூதியம் ஏன் வரவில்லை என்று கேட்கும் கடிதத்தை எப்படி வாசிப்பார்? சொல்வன்மையோ உலக அனுபவமோ அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் எழுதியது எப்போதும் மேலே இருப்பவருக்கு. கீழேயிருந்து வரும் காகிதத்தை வாசிக்க எந்தத் தூதரகமும் பழக்குவதில்லை.

எங்களில் பலருக்குப் பியர்சன் என்றால் விமான நிலையம். ரொறன்ரோவில் வந்திறங்கிய தமிழர் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் கனடியப் பெயர் அதுவாகத்தான் இருக்கும். குடிவரவு வரிசையில் நிற்கும்போது அந்தப் பெயருக்குரியவர் யார் என்று யோசிக்க யாருக்கு நேரம்? லெஸ்டர் பியர்சன் 1897இல் பிறந்தவர். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பித்துவிட்டு 1928இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். உலகப் போர் மூண்டபோது இலண்டனில் இருந்தார், போர் முடிந்தபோது வாஷிங்டனில் தூதுவர். 1946இல் துறையின் தலைமை அதிகாரி. 1948 செப்டெம்பரில் அதே துறைக்கு அமைச்சர். அமைச்சராக நீடிக்கப் பாராளுமன்றத்தில் ஓர் ஆசனம் வேண்டும். ஒன்ராறியோவின் வடபுறத்தில் அல்கோமா ஈஸ்ற் என்ற தொகுதியின் உறுப்பினர் செனற்றுக்கு அனுப்பப்பட்டார். காலியான இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் பியர்சன் வென்றார். இருபது வருடம், 1968இல் அரசியலை விட்டு விலகும்வரை, அவர் அந்தத் தொகுதியின் எம்.பி.

ஹியூரன் ஏரியின் வடகரை, காடு, மர ஆலைகள், மனிற்றூலின் தீவு. நன்னீர் ஏரிக்குள் இருக்கும் தீவுகளில் உலகிலேயே பெரியது அது. தீவிலும் கரையிலும் ஒஜிப்வே உள்ளிட்ட முதற்குடி மக்களின் ஊர்கள். அந்த மக்களுக்கு, சட்டப்படியான தங்கள் அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமல் கனடியப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் வந்தது. உலகப் போருக்குப் போய் வந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் அதற்கு முன்பே விலக்கு இருந்தது. ஆக, பியர்சன் 1948, 1949, 1953, 1957, 1958 என்று ஐந்து முறை வென்றது அவர்களில் பெரும்பாலோரின் வாக்கு இல்லாமல். அந்த வாக்குரிமையைக் கொடுத்தவர் அவருடைய பரம எதிரியான பிரதமர் டீஃபன்பேக்கர். பிரெய்ரிப் பக்கத்து வழக்கறிஞர், ஊர்க்கடிதங்களிலேயே அரசியல் வளர்த்தவர். பியர்சனோ அந்த வருடங்களில் ஐக்கிய நாடுகள் சபையில் உலகத்து மக்களின் உரிமைகளைப் பற்றி அருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்கில்லாத முதற்குடி மனிதருக்கும் தன் எம்.பி.க்கு முத்திரை ஒட்டாமல் எழுத முடிந்தது. கடிதம் எழுதும் உரிமை, வாக்குரிமையை விட அகலமானது. வாக்கில்லாத நிரந்தர வதிவாளர்களாக இங்கே பல வருடம் இருந்த எங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பியர்சனின் கதையில் என்னை அதிகம் இழுப்பது சூயஸ் அல்ல. 1956இல் கால்வாயை வைத்துப் பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தின் மேல் பாய்ந்தபோது ஐ.நா. படையொன்றை இடையில் நிறுத்தும் யோசனையை நிறைவேற்றியதும், அதற்காக 1957இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு வாங்கியதும் பள்ளிப் புத்தகங்களில் இருக்கின்றன. புத்தகங்கள் அவ்வளவாகப் பேசாதது, அதே வருடங்களில் அவருடைய சொந்தத் தொகுதி எதைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தது என்பது. எலியற் லேக். 1950களின் நடுவில் காட்டுக்குள் திடீரென்று முளைத்த யுரேனியப் பட்டினம். வாங்கியது அமெரிக்க அணுசக்தி ஆணையம், வாங்கியது அணுகுண்டுகளுக்காக. சுரங்கக் கழிவு சேர்பென்ற் ஆற்றுப் படுகையில் இறங்கியது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் முதற்குடி ஊர் ஒன்று. யுரேனிய ஆலைகளுக்குக் கந்தக அமிலம் தயாரித்த தொழிற்சாலையும் அந்த ஊரின் நிலத்தில்தான் நின்றது. ஒஸ்லோவில் பரிசு மேடையில் நின்றவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது.

1959இல் அமெரிக்கா கைவிரித்தது. ஒப்பந்தங்களை நீடிக்கப்போவதில்லை என்று அறிவித்தது. ஏறக்குறைய 25,000 பேரை எட்டியிருந்த பட்டினம் சில வருடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. வீடுகள் காலியாகின. அந்தச் சூழ்நிலையில் ஒரு சுரங்கத் தொழிலாளி தன் எம்.பி.க்கு என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். வேலை வேண்டும், வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். 1963இல் அந்த எம்.பி. பிரதமராகவும் ஆகிவிட்டார். இனிப் பதில் எழுதினால் மட்டும் போதாது, ஏதாவது செய்ய வேண்டும்.

செய்தார். இங்கேதான் தூதுவரும் எம்.பி.யும் ஒரே உடம்புக்குள் இடித்துக்கொள்கிறார்கள். எலியற் லேக்கின் டெனிசன் சுரங்கத்திடமிருந்து பெருந்தொகை யுரேனியம் வாங்கப் பிரான்ஸ் ஆயத்தமாக இருந்தது. அந்த விற்பனை மட்டும் நடந்திருந்தால் ஊருக்கு வருடக்கணக்கில் சோறு. ஆனால் சமாதானத் தேவைகளுக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்ற உறுதியைக் கனடா கேட்டது. தனக்கென்று அணுகுண்டு செய்துகொண்டிருந்த பிரான்ஸ் கொடுக்க மறுத்தது. வியாபாரம் முறிந்தது. இனிமேல் கனடிய யுரேனியம் சமாதானத் தேவைகளுக்கு மட்டுமே விற்கப்படும் என்று 1965 ஜூனில் பியர்சன் அறிவித்தார். அது தூதுவர் எடுத்த முடிவு. எம்.பி. எடுத்தது இன்னொன்று: வாங்க ஆளில்லாத யுரேனியத்தை அரசே பொதுப்பணத்தில் வாங்கிக் குவித்து வைக்கும் திட்டம். பிரதமர் தன் தொகுதிக்குக் காசை இறைக்கிறார் என்று எதிர்ப்பும் வந்தது. அதில் உண்மை இருந்தது. தேவையில்லாத ஒரு பொருளை ஒரு நாடு காசு கொடுத்து வாங்கிப் பூட்டி வைத்தது; அதனால் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போகாமல் இருந்தன.

இதில் எது சரி என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பிரான்சுக்கு விற்காததை நான் கும்பிடுவேன். குவித்து வைத்ததையும் முழுதாகப் பழிக்க மனம் வரவில்லை. கடிதத்துக்குக் கட்டுப்பட்ட ஒருவர் அதற்குக் கொடுத்த விலை அது. ஆனால் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊருக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. அவர்களுடைய ஆற்றுக்கு என்ன ஆனது என்று அந்த நாட்களில் எந்தத் தந்தியும் போகவில்லை, எந்தக் கொள்முதல் திட்டமும் வரவில்லை.

பியர்சன் பெரும்பான்மை பெற்றதே இல்லை. ஐந்து வருடமும் சிறுபான்மை அரசை இழுத்துக்கொண்டுதான் போனார். அவருக்கு வந்த காகிதங்களிலேயே வேடிக்கையானவை கொடி விவகாரத்தின்போது வந்தவை. நாட்டுக்குப் புதுக்கொடி வேண்டும் என்று 1964இல் அவர் கிளப்பிய விவாதத்தில், பொதுமக்கள் வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் கொடி வரைந்து அனுப்பினார்கள். பாதிக்கு மேல் மேப்பிள் இலை. மிச்சத்தில் ஏராளம் பீவர். உலகத் தலைவர்களுடன் பேசிப் பழகியவர், குழந்தைகள் பென்சிலால் வரைந்த நீர்ப்பிராணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

எங்களுக்கு அவருடைய ஆட்சி விட்டுப்போனது வேறு. 1967 ஒக்ரோபரில் குடிவரவுக்குப் புள்ளி முறை வந்தது. படிப்புக்கு இத்தனை, மொழிக்கு இத்தனை, தொழிலுக்கு இத்தனை என்று கூட்டி, எந்த நாட்டவர், என்ன நிறம் என்று பாராமல் ஆள் எடுக்கும் முறை. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் முதலில் வந்தது அந்தக் கதவால்தான். போர் துரத்திய கூட்டம் அதற்கு வெகு பின்னால் வந்தது. அவர்களுக்குப் புள்ளி இல்லை, அகதி விண்ணப்பம் இருந்தது. அந்த விண்ணப்பத்தின் இழுபறியில்தான் எங்கள் சனத்துக்கு எம்.பி. என்ற ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியவந்தது.

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ ஒரு பிளாசாவில், ரேக் அவுட் கடைக்கும் வருமான வரிக் கடைக்கும் நடுவே எம்.பி. அலுவலகம் இருக்கும். கண்ணாடிக் கதவில் அவருடைய படம், உள்ளே ஒரு கொடி, பிளாஸ்ரிக் கதிரைகள். எம்.பி. பெரும்பாலும் ஒட்டாவாவில். வேலை செய்பவர்கள் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இரண்டு மூன்று பேர். வருகிறவர்களில் பெரும்பாலோர் கொண்டுவருவது குடிவரவுக் கோப்பு. முதலில் ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் கோப்பைப் பற்றி விசாரிக்க இந்த எம்.பி.க்கு அனுமதி தருகிறேன் என்று அதில் இருக்கும். அது இல்லாமல் திணைக்களம் வாய் திறக்காது. பிறகு எம்.பி. அலுவலகங்களுக்கென்றே உள்ள இலக்கத்துக்கு அந்தப் பிள்ளை ஃபோன் எடுக்கும், அல்லது எழுதும். கிடைப்பது முடிவு அல்ல, நிலவரம் மட்டும். எம்.பி. வீசா கொடுப்பதில்லை. அதை நம்ப வைப்பதுதான் அந்த அலுவலகத்தின் பாதி வேலை.

பக்கத்து வீட்டு அன்ரி ஒருவருடன் அப்படி ஒரு அலுவலகத்துக்குப் போனேன். மருமகளின் ஸ்பொன்சர் கேஸ். அன்ரி இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி, மகளைக் கொண்டு இங்கிலீசில் மாற்றி, கல்யாணப் படமும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கொடுத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இந்தப் பெடியன் உண்மையா இதை எம்.பி.யிட்டக் குடுப்பானோ?"

பெடியனுக்குத் தமிழ் தெரியும் என்பதை அவர் கவனிக்கவில்லை. அவன் சிரித்தான்.

"அன்ரி, அவர் வாசிச்சாலும் ஃபோன் நான்தான் எடுக்கோணும். படத்தை நீங்களே வச்சிருங்கோ, துலைஞ்சு போயிடும்."

சில கிழமை கழித்துப் பதில் வந்தது. உங்கள் மருமகளின் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, பின்னணிச் சோதனைகள் முடிந்ததும் அறிவிக்கப்படும், உங்கள் பொறுமைக்கு நன்றி. அன்ரிக்கு ஏமாற்றம். நான் அதை ஒரு தூதரகக் குறிப்பாக வாசித்தேன். ஒரு தவறும் இல்லாத, ஓர் ஆளும் இல்லாத காகிதம். 2009இன் வசந்தத்திலும் இதே மாதிரிப் பதில்கள் வீடு வீடாக வந்தன. அந்த மாதங்களில் நாங்கள் எழுதித் தள்ளினோம். முத்திரை ஒட்டாத உறைகளில், ஃபாக்ஸில், மின்னஞ்சலில், ஒரே வாசகத்தின் கீழே நூறு கையெழுத்தாக. வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தவர்களின் பெயர்களை வயதுடன் எழுதி அனுப்பியவர்களும் உண்டு. வந்த பதில்களில் நான் பார்த்தவை எல்லாவற்றிலும் கனடா ஆழ்ந்த கவலை கொண்டிருந்தது. எழுதிய உதவியாளர்களை நான் நோகமாட்டேன். அந்த வரி அவர்களுடையதல்ல. வெளியுறவு அமைச்சிலிருந்து இறங்கி வந்து, ஒரு தாயின் சமையலறை மேசையில் வந்து விழுந்த வரி அது.

அதே வருடம் உலகின் மறுபுறத்தில் ஒரு கடிதம் எதிர்த்திசையில் போனது. அவுஸ்திரேலியாவின் அப்போதைய பிரதமர் கெவின் ரட்டும் பழைய தூதரக அதிகாரிதான். சீன மொழி படித்தவர். ஸ்ரொக்ஹோமிலும் பெய்ஜிங்கிலும் பணிசெய்துவிட்டு, 1998இல் பிறிஸ்பேனின் கிறிஃபித் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கு வந்தவர். 2009 ஒக்ரோபரில் 'ஓஷியானிக் வைக்கிங்' என்ற அவுஸ்திரேலியக் கப்பல் கடலிலிருந்து மீட்ட 78 ஈழத்தமிழர்கள், இந்தோனேசியாவில் இறங்க மாட்டோம் என்று ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே இருந்தார்கள். கடைசியில் அதிகாரிகள் அவர்களுக்கு ஒரு கடிதம் காட்டினார்கள்: இறங்கினால், அகதி என்று உறுதியானவர்களுக்கு இத்தனை கிழமைகளில் மீள்குடியேற்றம். இறங்கினார்கள். கடிதம் வெளியே கசிந்ததும், விசேட சலுகை எதுவும் கொடுக்கவில்லை என்று பிரதமர் மறுத்தார். 2013இல் மறுபடி பிரதமரானபோது அவருடைய அரசு, வீசா இல்லாமல் படகில் வந்தால் அவுஸ்திரேலியாவில் குடியமர முடியாது என்று பத்திரிகைகளில் விளம்பரம் போட்டது. முதலாவது காகிதம் ஒரு கப்பலில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்து எழுதியது. இரண்டாவது வாக்காளரைப் பார்த்து எழுதியது, முகவரி மட்டும் படகுக்காரருக்கு.

கிறிஸ் அலெக்ஸாண்டர் இந்த வரிசையில் கடைசியாக வருகிறார். அவரைப் பற்றித்தான் எனக்கு அதிக மனத்தாங்கல். 1968இல் ரொறன்ரோவில் பிறந்து, மக்கில்லிலும் ஒக்ஸ்ஃபோர்டிலும் படித்து, 1991இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்தவர். மொஸ்கோவில் இருந்தார். 2003இல், முப்பத்தைந்து வயதுகூட நிரம்பும் முன்னரோ நிரம்பிய கையோடோ, ஆப்கானிஸ்தானுக்குக் கனடாவின் தூதுவராகக் காபுலில் போய் இறங்கினார். பிறகு அங்கேயே ஐ.நா. பணியகத்தில் உயர்பதவி, 2009 வரை. அந்த நாட்டைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 2011இல் கொன்சர்வேற்றிவ் கட்சிக்காக ஏஜாக்ஸ்—பிக்கரிங்கில் நின்று, லிபரல் உறுப்பினர் மார்க் ஹொலண்டைத் தோற்கடித்தார். 2013 ஜூலையில் குடியுரிமை, குடிவரவு அமைச்சர். ஒருவர் கடைசியாகச் சென்றடைய இதைவிடப் பொருத்தமான இருக்கை இருக்க முடியாது என்று அன்று எனக்கும் தோன்றியது. போரில் சிதைந்த நாட்டில் ஆறு வருடம் வாழ்ந்தவர், அகதிகளின் கோப்புகளுக்குப் பொறுப்பாக. தொகுதியோ தெற்காசியரும் கரிபியரும் தமிழரும் நிறைந்த புறநகர்.

2015இன் வசந்தத்தில் அவருடைய கையில் ஒரு கடிதம் வைக்கப்பட்டது. தபாலில்கூட வரவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கொக்விற்லமில் முடிதிருத்தும் தொழில் செய்த சிரியக் குர்தியப் பெண் ஒருவர், துருக்கியில் அகதிகளாக இருந்த தன் சகோதரர்களின் குடும்பங்களைக் கனடாவுக்கு எடுக்க முயன்றுகொண்டிருந்தார். தன் எம்.பி.யான, எதிர்க்கட்சி என்.டி.பி.யின் ஃபின் டொனலியிடம் போனார். டொனலி அந்தப் பெண்ணின் கடிதத்தை அமைச்சரிடம் நேரில் கொடுத்தார். முத்திரை ஒட்டாத கடிதம் போகக்கூடிய ஆகக்கூடிய தூரத்தைப் போய்விட்டது: வாக்காளரிடமிருந்து உறுப்பினருக்கு, உறுப்பினரின் கையிலிருந்து அமைச்சரின் கைக்கு.

மூத்த சகோதரருக்காகப் போட்ட விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பி வந்தது. தனியார் குழுவாகச் சேர்ந்து ஸ்பொன்சர் செய்பவர்கள், அகதி என்று ஐ.நா.வோ தங்கியிருக்கும் நாடோ ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை இணைக்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருந்தது. துருக்கியில் இருந்த சிரியர்கள் பலருக்கு அந்தக் காகிதம் குதிரைக்கொம்பு. இளைய சகோதரருக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரேயடியாகக் காசு கட்ட முடியாது, மூத்தவர் முதலில் என்று அந்தப் பெண் நினைத்திருந்தார். 2015 செப்டெம்பர் 2ஆம் திகதி, இளையவரின் குடும்பம் பொட்ரும் கரையிலிருந்து கிரேக்கத் தீவுக்குப் படகேறியது. அவருடைய இரண்டு வயது மகன் அலன் கரையில் குப்புறக் கிடந்த படத்தை உலகம் பார்த்தது. அலனின் அண்ணனும் தாயும்கூட இறந்தார்கள்.

அந்தக் கடிதத்துக்குச் சரியான பதில் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று எழுதுவது சுலபம். அது நியாயமில்லை. கடிதம் கேட்டது மூத்தவருக்காக. இறந்தது இளையவரின் பிள்ளைகள். அமைச்சர் அன்றே கையெழுத்துப் போட்டிருந்தாலும் செப்டெம்பருக்குள் எதுவும் நடந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. என் மனத்தாங்கல் வேறு இடத்தில். விதி என்பது ஒரு காகிதத்தைத் திருப்பி அனுப்பும். அதற்குத்தான் திணைக்களம் இருக்கிறது. அமைச்சர் என்று ஓர் ஆள் இருப்பது, விதி திருப்பி அனுப்பியதை எடுத்து மறுபடி ஒருமுறை வாசிப்பதற்காக. கனடியக் குடிவரவுச் சட்டத்தில் மனிதாபிமானக் காரணத்துக்காக விதியைத் தளர்த்த அமைச்சருக்கு இடமும் இருக்கிறது. காபுலில் காகிதமில்லாத மனிதர்களோடு ஆறு வருடம் இருந்தவருக்கு, போரிலிருந்து ஓடுகிறவனிடம் அத்தாட்சிப் பத்திரம் இருக்காது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே செப்டெம்பர் 2 இரவு அவர் தொலைக்காட்சியில் தோன்றினார். தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்குக் கனடாவில் அத்தை இருக்கிறார் என்பது அப்போது வெளியே தெரியாது. சிரிய அகதிகளைப் பற்றிய கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்களை வேறு ஒரு மேசையில், இன்னொரு நாட்டின் பிரதிநிதிக்கு முன்னால் சொல்லியிருந்தால் மெச்சியிருப்பார்கள். எண்கள் சரளமாக வந்தன. அரசின் நிலைப்பாட்டிலிருந்து ஒரு அங்குலம் நகரவில்லை. ஊடகங்கள்தான் இந்த நெருக்கடியைக் கவனிக்கவில்லை என்று கேட்டவர் மேலேயே திருப்பினார். பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு ஓர் அரசு பேசியது கேட்டது, ஆள் பேசியது கேட்கவில்லை. மறுநாள் காலை பிரசாரத்தை நிறுத்திவிட்டு ஒட்டாவாவுக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்து அவரும் இன்னொரு அமைச்சரும் சேர்ந்து ஒரு வாக்குறுதி அறிவித்தார்கள். 'காட்டுமிராண்டித்தனமான கலாசார வழக்கங்கள்' நடப்பதாகத் தெரிந்தால் பொதுமக்கள் பொலிசுக்குத் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம். கட்டாயக் கல்யாணம் போன்ற கொடுமைகளைத் தடுக்க என்றார்கள். அவற்றுக்குச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஏஜாக்ஸில் அந்தச் செய்தியைக் கேட்ட என் வயதுத் தமிழர்களுக்கு முதலில் ஊரில் ஆட்களைக் காட்டிக்கொடுத்த தலையாட்டி நினைவுக்கு வந்திருப்பான்: சாக்கு மூடிய முகம், கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு. தன் வீட்டுத் துயரத்தை எழுதியவருக்குப் பதில் சொல்லத் திணறிய அமைச்சர், அயல்வீட்டைப் பற்றித் தகவல் சொல்லச் சொன்னார். பின்னாளில் அந்த அறிவிப்புக்காக அலெக்ஸாண்டர் வருத்தம் தெரிவித்தார். காலம் கடந்திருந்தது. ஒக்ரோபர் 19இல், 2011இல் தான் தோற்கடித்த அதே மார்க் ஹொலண்டிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அந்த வருட டிசெம்பர் கடைசியில், கடிதம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மூத்த சகோதரரும் குடும்பமும் வன்கூவரில் வந்திறங்கினார்கள்.

தூதுவர்களின் காகிதம் அழிவதில்லை. பியர்சனின் தந்திகளும் குறிப்புகளும் ஒட்டாவாவின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கனடாவின் வெளியுறவு ஆவணங்கள் என்ற வரிசையில் கனத்த தொகுதிகளாக அச்சிட்டும் விட்டார்கள். எம்.பி. அலுவலகத்துக் கோப்புகளின் சட்டம் வேறு. அவை அரசு ஆவணங்கள் அல்ல, அந்த உறுப்பினரின் சொந்தப் பொறுப்பு. தகவல் அறியும் சட்டம் அவற்றைத் தொடாது. உறுப்பினர் தோற்றால் அலுவலகத்தைக் காலி செய்யச் சில நாட்கள். கோப்புகளை இயந்திரத்தில் கொடுத்துக் கிழிக்கலாம், உரியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம். அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பதானால் உரியவரின் சம்மதம் வேண்டும். பழைய எம்.பி.யின் பெயரில் வைத்த கையெழுத்துப் புதியவருக்குச் செல்லாது. 2015 ஒக்ரோபருக்குப் பிறகு ஏஜாக்ஸில் கேஸ் நிலுவையில் இருந்த ஒருவர் செய்ய வேண்டியிருந்தது அதுதான்: பிளாசாவில் புதிய அலுவலகம் எந்தக் கடைக்குப் பக்கத்தில் திறக்கிறது என்று விசாரித்து, அங்கே போய், வேறு பெயர் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் முதலிலிருந்து கையெழுத்து வைப்பது.